பேர் மாத்திட்டியா?

சாம்பார் சாதத்தில் கை வைத்த நேரம் பார்த்து போன் வந்தது.

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம் சார். பஜாஜ் சேத்தக், நீல கலர். உங்க வண்டிதானே?"

"இல்லையே சார். 2014-லேயே வித்துட்டேனே!"

"யாருக்கு?"

"ஒரு மெக்கானிக்குக்கு."

"அவர் பேர்?"

ஞாபகம் இல்லை. மீசை மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீசையை எஃப்.ஐ.ஆரில் எழுத முடியுமா?

"ரெக்கார்டுல இன்னும் உங்க பேர்தான் இருக்கு. கேட்பாரற்ற வண்டின்னு மாநகராட்சி லிஸ்ட் அனுப்பியிருக்காங்க. எழும்பூர் பக்கம் நிக்குது. வந்து பாருங்க."

வயிற்றில் புளியைக் கரைத்தது. செயின் பறித்தவன் ஓட்டிய வண்டியோ? யார் மேலாவது ஏற்றியிருப்பானோ? இந்த பயத்துக்கு நடுவே, எதிரே மோர் சாதத்தில் இருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பேர் மாத்திட்டேன்னு சொன்னியேடா?"

சொன்னேன்தான். 2014-ல் அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "மாத்திட்டேம்பா" என்றேன். அந்த சேத்தக் அவர் 1992-ல் பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. நான் முன்னால் நின்றுகொண்டு, காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூல் போன வண்டி. காலேஜ் சேர்ந்தபோது என் பேருக்கே மாற்றிக் கொடுத்தார். அதை 3,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு பைக் வாங்கினேன். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டும் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடவேண்டும். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றார் மீசைக்காரர். நானும் சரி என்றேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

அப்பா கை கழுவிவிட்டு பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். சேத்தக்கின் ஆர்.சி. புக்!

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பேர் மாத்தியிருந்தா புக் எப்படிடா நம்ம பீரோவுல இருக்கும்? நீயே சொல்வேன்னு பார்த்தேன்" என்றபடி சட்டையை மாட்டினார்.

மாம்பலத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். வழியெல்லாம் அப்பா பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்டேஷனில் எண்ணைத் தட்டிப் பார்த்து, "குற்ற வழக்கு எதுவும் இல்லை" என்றார்கள். பாதி உயிர் திரும்பியது. மீதியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனோம்.

அந்தத் தெருவைப் பார்க்காதவர்கள் உங்கள் ஏரியாவிலேயே ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். சக்கரமில்லாத ஒரு ஆட்டோ, அதன் சீட்டில் குடும்பம் நடத்தும் பூனை. பானெட்டுக்குள் செடி முளைத்த அம்பாசடர். கடைசியில், கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போர்த்திக்கொண்டு எங்கள் சேத்தக். ஹெட்லைட் இல்லை, கண்ணாடி இல்லை. நெற்றியில் மட்டும் மாநகராட்சி ஒட்டிய நோட்டீஸ்.

சுகாதார ஆய்வாளர் காத்திருந்தார். "இதையெல்லாம் நீங்களே தூக்கிட்டுப் போயிடலாமே சார்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "குப்பைன்னா அள்ளிடலாம். இது உங்க சொத்தாச்சே சார்! தெரு எங்களோடது, நம்பர் ஆர்.டி.ஓ.வோடது, திருட்டு வண்டியான்னு பார்க்கறது போலீசு. மூணு பேரும் கை வெச்சாத்தான் வண்டி நகரும். அப்புறம் நோட்டீஸ். யாரும் வரலைன்னா ஏலம்."

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் பத்து மணி நேரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்ற உத்தரவிட, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு அதிகாரம் தருகிறது. இழுத்துப் போகும் செலவும் உரிமையாளர் தலையில்தான். ஆனால் இழுத்துப் போய் எங்கே வைப்பது? 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்த சென்னையில், செத்த வண்டியைப் போட ஒரு மைதானத்துக்கு எங்கே போவது?

ஆய்வாளர் குனிந்து, ஸ்டெப்னி டயரில் தேங்கிய மழைத் தண்ணீரில் டார்ச் அடித்தார். உள்ளே நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்தன. "ஏடிஸ் கொசு சார். டெங்கு. முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட ஆகாது. தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்குல காத்துக்கிட்டிருக்கும். அடுத்த மழையில பொரிச்சிடும்."

அப்போது எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"இந்த வண்டி உங்களுதா? ரெண்டு வருஷமா இங்கதான் கெடக்குது. போன மாசம் இவளுக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம், தெரியுமா?"

"இந்த வண்டிக் கொசுதான்னு சொல்ல முடியாதும்மா" என்று ஆய்வாளர் சமாதானம் சொன்னார். நானும், "இல்லீங்க, நான் 2014-லயே..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா குறுக்கிட்டார். "எங்களோடதுதாம்மா. தப்பு எங்க மேலதான். எடுத்துடறோம்."

அந்த அம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குழந்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நோட்டீஸைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

எடுப்பது என்றால் எப்படி? "பக்கத்துலதான் புதுப்பேட்டை" என்றார் அப்பா. நடந்தோம். செல்வராகவன் 2006-ல் படமெடுத்துப் பேரைப் பிரபலமாக்கிய அதே புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டி வரிசையாகக் கடைகள். ஒரு கடை முழுக்கக் கதவு, ஒரு கடை முழுக்க ஹெட்லைட், ஒரு கடையில் சீட்டு மட்டும் கூரை வரைக்கும். பொறுமையும் முதுகும் இருந்தால் ஒரு முழுக் காரைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். தெருவெல்லாம் க்ரீஸ் வாசனை, சுத்தியல் சத்தம்.

நரைத்த தாடிக்கார பாய் ஒருவரிடம் விவரம் சொன்னேன். டீ வரவழைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இரும்பை யார் வேணா வாங்குவாங்க. பேரை யாரு வாங்குவா? 2021-லேர்ந்து ரூல்ஸ் வந்தாச்சு. கவர்மென்ட்ல பதிவான ஸ்கிராப் சென்டர்ல வண்டியைக் குடுத்து சர்ட்டிபிகேட் வாங்குங்க. அதைக் காட்டி ஆர்.டி.ஓ.வுல பதிவைக் கேன்சல் பண்ணுங்க. அப்பத்தான் வண்டி நெஜமா சாகும்."

பாய் சொன்னது விளையாட்டில்லை. கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி விபத்து செய்த வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பதிவில் யார் பேர் இருக்கிறதோ, அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு. அந்த மீசைக்காரரோ, அவரிடம் வாங்கியவரோ யாரையாவது இடித்திருந்தால்? டீ தொண்டையில் நின்றது.

பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருடா வருடம் மிச்ச மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போனால், சொத்தின் மதிப்பு குறையும், குறையும், ஆனால் பூஜ்யமாகவே ஆகாது. பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க் வாங்கினேன். அர்த்தம் புரிந்தது புதுப்பேட்டையில்தான்.

மறு வாரம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, சேத்தக்கைக் குட்டி யானையில் ஏற்றி ஸ்கிராப் சென்டருக்கு அனுப்பினோம். குட்டி யானை வாடகை 1,800. வண்டிக்குக் கிடைத்தது 1,500. அப்பா முன்பக்கத்தைக் கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்துவிட்டார். உடைக்கப்போகிற வண்டியைத் துடைப்பானேன் என்று நான் கேட்கவில்லை.

சர்ட்டிபிகேட் கைக்கு வந்த நாள், அதை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்பாடா என்று நான் சோபாவில் சாய்ந்தபோது, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்:

"மூணு வருஷம் முன்னாடி உன் ஃப்ரெண்டுக்கு பைக் குடுத்தியே... அதுல பேர் மாத்திட்டியா?"

நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறேன். உங்களுக்கும் ஏதாவது ஞாபகம் வந்தால், கூடவே வாருங்கள்.