மேகவழி விளையாட்டும் வீட்டு இணையமும்

மேகவழி விளையாட்டுக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை என்பது மெய்யே. ஆட்டம் தொலைவிலுள்ள சர்வரில் இயங்க, நம் திரைக்குக் காட்சி மட்டும் வருகிறது. ஆனால் அக்காட்சி எவ்வளவு டேட்டாவை விழுங்கும் என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

ஜிஃபோர்ஸ் நவ் சேவை 720பி காட்சிக்கே வினாடிக்கு 15 மெகாபிட் வேகம் கோருகிறது. எட்டு பிட் ஒரு பைட். அவ்வேகம் முழுவதும் செலவானால் மணிக்கு 6.75 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டம் 13 நிமிடங்களில் தீர்ந்துபோகும்! திரைப்படமெனில் சற்று முன்னரே இறக்கிவைத்துக்கொள்ளலாம். விளையாட்டிலோ அடுத்த காட்சி விரல் அசைந்த பின்னரே பிறக்கிறது. ஆகவே தாமதமும் 80 மில்லிவினாடிக்குள் இருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் வைஃபை இணைப்பு ஒன்றே. இஷாவுக்குப் பின் என் தாயார் குவைத்திலுள்ள என் தம்பியுடன் காணொளியில் பேசுவார். அந்நேரம் என் மகன் ஆட அமர்ந்தால் தம்பியின் முகம் திரையில் உறைந்துவிடும். "வேகமான திட்டம் வாங்குவோம் வாப்பா" என்றான். நான் இசையவில்லை, பணம் மட்டுமன்று காரணம். பேரனுக்காகத் தம் பேச்சைச் சுருக்கிக்கொள்ளும் மூதாட்டியின் ஹக்கை அவன் அறியவேண்டுமல்லவா?

இப்போது அழைப்பு முடிந்த பின்னரே ஆடுகிறான். பிட் வீதத்திற்கு 5 மெகாபிட் வரம்பும் இட்டுள்ளோம், மணிக்கு 2.25 ஜிபி. படம் மங்கல் என்று முணுமுணுக்கிறான்.