நோபல் பரிசும் அரை நாள் கூகுளும்

1/ "புவி வெப்பமாதல் எல்லாம் சும்மா. நோபல் வாங்கின விஞ்ஞானியே சொல்லிட்டாரு!" இந்த ஃபார்வர்டு உங்க குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கலாம். ஆள் நிஜம்தான், பரிசும் நிஜம்தான். அப்போ அவர் சொன்னது? பொறுமையா படிங்க.

2/ பேரு இவார் யேவர். 1929ல நார்வேயின் பெர்கன் நகர்ல பிறந்தவர். படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். 1954ல கனடா போனார், அங்கிருந்து அமெரிக்கா. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்துல வேலை.

3/ 1960ல ஒரு சோதனை. ஒரு அலுமினியப் படலம், ஒரு ஈயப் படலம், நடுவுல மின்சாரம் கடத்தாத மெல்லிய ஆக்சைடு. அந்த ஆக்சைடுதான் சுவர். எலக்ட்ரான் சுவரை ஏறிக் குதிக்காமலே ஊடுருவிப் போகும். இதுக்குப் பேரு டன்னலிங்.

4/ இதை திரவ ஹீலியத்துல குளிர வச்சு, ஈயம் மீக்கடத்தியா மாறினதும் மின்னோட்டத்தை அளந்தார். 1957ல பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூணு பேரும் கணக்குல காட்டின ஆற்றல் இடைவெளி மீட்டர்லயே தெரிஞ்சுது!

5/ இங்கதான் விஷயம். அப்போ அவர்கிட்ட டாக்டர் பட்டம் கூட இல்ல. அது 1964ல தான் வந்தது. உலகம் நம்பினது அவர் பேரை இல்ல, அவர் அளந்ததை. 1973ல லியோ எசாகி, பிரையன் ஜோசப்சனோட நோபல் கிடைச்சுது.

6/ அப்புறம் உயிரியல் பக்கம் வந்தார். தங்க மின்வாய் மேல செல்களை வளர்த்து, மின்சாரம் வழியா அதுங்க அசைவை அளக்குற முறையை உருவாக்கினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

7/ 2011ல, புவி வெப்பமாதலை 'மறுக்க முடியாதது'னு சொன்னதுக்காக அமெரிக்க இயற்பியல் கழகத்துல இருந்து விலகினார். 2012ல ஒரு கூட்டத்துல அவரே சொன்னார்: இதைப் பத்தி கூகுள்ல அரை நாளோ ஒரு நாளோ தேடிப் பார்த்தாராம்.

8/ அவர் வாதம்: 150 வருஷத்துல 288 கெல்வின் 288.8 ஆச்சு, இது பெரிய மாற்றமே இல்ல. சரி, அதே கணக்கை உங்க குழந்தைக்குப் போடுவோம். 37 டிகிரி செல்சியஸ்னா 310 கெல்வின். 40 டிகிரி, அதாவது 104 ஃபாரன்ஹீட் காய்ச்சல்னா 313. ஒரு சதவீதம் கூட ஏறல. "ரொம்ப நிலையா இருக்கு"னு வீட்டுக்கு அனுப்பட்டுமா?

9/ அளந்து பேர் வாங்கினவர், நிலத்துலயும் கடல்லயும் பல பத்தாண்டு மத்தவங்க அளந்ததை அரை நாள் தேடலை வச்சு ஒதுக்கிட்டார்.

10/ எனக்கு இது ஏன் முக்கியம்? "பெரிய டாக்டரே வீடியோல சொல்லிட்டாரு சார்"னு சுகர் மாத்திரையை நிறுத்திட்டு, கால் புண்ணோட ஓபிக்கு வர்றவங்களைப் பார்க்குறேன். வெயில்ல வேலை செஞ்சு மயங்கி, 105 டிகிரியோட தூக்கிட்டு வரப்படுற கட்டடத் தொழிலாளியையும் பார்க்குறேன். பெரிய பேரை நம்பினதுக்கு விலை கொடுக்குறது எப்பவும் சின்ன ஆளுங்கதான்.

11/ யேவர் 2025ல, 96 வயசுல காலமானார். அவரைத் திட்ட வேண்டாம். 1960 அளவீடு இன்னும் நிக்குது, நிக்கும். ஆனா ஒரு துறையில வாங்கின பரிசு எல்லாத் துறைக்கும் பாஸ் கிடையாது.

12/ அடுத்த ஃபார்வர்டு வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது இவர் துறையா? என்ன அளந்தாரு? மத்தவங்க அளந்தாலும் அதே வருதா?

என் எம்.பி.பி.எஸ்ஸுக்கும் இதே விதிதான். நான் மாத்திரை எழுதினா "ஏன் டாக்டர்?"னு கேளுங்க. பதில் சொல்றது என் வேலை.