புளிய வேரும் மூங்கில் கம்பும்: புதுக்கோட்டையில் ஒரு நல்ல தடியைத் தேடி!

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருக்கோகர்ணம் வந்துவிடும். ஒரு பக்கம், பாறையைக் குடைந்து எழுப்பிய கோகர்ணேஸ்வரர் கோயில். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் இங்கேதான் இருக்கிறாள். அவள் உருவம் பொறித்த அம்மன் காசு, சமஸ்தானம் இருந்த காலம் வரை புழக்கத்தில் இருந்தது. கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குள் போவதில்லை. 1910-ல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அது. தமிழ்நாட்டின் அரசு அருங்காட்சியகங்களில் சென்னை எழும்பூருக்கு அடுத்த பெரியது.

உள்ளே பாடம் செய்த விலங்குகள், கல்வெட்டுகள், ஓவியங்கள், செப்புச் சிலைகள் என்று நிறைய உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஆயுதங்களின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். வாள், ஈட்டி எல்லாம் இரும்பு. ஆனால் இந்த மண்ணுக்குப் பெயர் வாங்கித் தந்த ஆயுதம் இரும்பில்கூட இல்லை, மரத்தில் செய்தது. வளரி, வளைதடி என்று இரண்டு பெயர் அதற்கு.

நூறு வருடங்களுக்கு முன்பு, எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தன் பெரிய தொகுப்பை 1909-ல் வெளியிட்டபோது, வளரி பற்றிய விவரத்தைப் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவானிடம்தான் கேட்டு வாங்கினார். திவான் எழுதியது ரொம்ப நேர்த்தியான குறிப்பு. பிறை வடிவம், இறுகிய இழை உள்ள கட்டை மரம், சில சமயம் இரும்பு. ஒரு முனை கனம், மறு முனை லேசு. வெளி விளிம்பு கூர். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்று சுழற்றி, வேகம் ஏறியதும் வீச வேண்டும். அப்படி வீசத் தெரிந்த வல்லவர்கள் இப்போது சமஸ்தானத்தில் இல்லை, முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு மட்டும் எப்போதாவது எடுக்கிறார்கள், இதன் காலம் முடிந்தது என்றும் திவான் அதிலேயே எழுதிவிட்டார். 1909-லேயே முடிந்துபோன ஒன்று!

அதற்கும் முன்னால் போனால் கதை வேறு. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுத் தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கை என்றால் நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாதாம். பிறகு 1801-ல் அதே வெல்ஷ், தனக்குக் கற்றுத் தந்தவரை எதிர்த்தே போருக்குப் போனார். அந்த ஆண்டு அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். தொண்டைமான்கள் அந்தப் போர்களில் கம்பெனி பக்கம் நின்றவர்கள். கட்டபொம்மன் பிடிபட்டதும் புதுக்கோட்டைச் சீமையில்தான். வளரியின் கதையைச் சொல்லும்போது இந்த ஊர் சற்று சங்கடத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, அந்தத் தடியை எந்த மரத்தில் செய்தார்கள்?

இதற்குப் பதில் ஒரு புவியியலாளரிடம் இருக்கிறது. பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அதே ராபர்ட் புரூஸ் ஃபுட். சிவகங்கைப் பக்கம் வாங்கிய இரண்டு வளரிகள் அவரிடம் இருந்தன. பெரியதை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதி வைத்தார். வெளி வளைவு சுமார் 24 அங்குலம். பிடிக்கும் முனையில் ஒரு குமிழ். குமிழைத் தாண்டியதும் தடி மிகவும் மெலிகிறது, அங்கிருந்து மெல்ல மெல்ல அகன்று, மறுமுனையில் இரண்டே கால் அங்குலத்துக்கும் மேல் போய்ச் சதுரமாக முடிகிறது. கனமான, செம்பழுப்பு நிற மரம். புளிய வேர் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1883 மார்ச்சில் சிவகங்கை அருகே ஆண்களும் பெரிய பையன்களும் நாய்களோடு முயல் வேட்டைக்குப் போனதையும், புதரிலிருந்து முயல் கிளம்பியதும் வளரிகள் பறந்ததையும் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

புளிய வேர் என்ற அந்த ஒரு தகவலில் ஒரு தச்சுப் பட்டறையின் அறிவே இருக்கிறது. நேரான பலகையிலிருந்து பிறை வடிவத்தை அறுத்து எடுக்கலாம், சுலபம். ஆனால் அப்படி அறுத்தால் வளைவு வரும் இடத்தில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படும். முதல் முறை கல்லில் மோதியதும் அந்த இடத்தில்தான் ஒடியும். வேரோ, கிளை பிரியும் முட்டோ இயற்கையாகவே வளைந்தது. இழையும் வளைவோடு சேர்ந்தே ஓடும். ஏர்க்கலப்பைக்கு வளைந்த வேல மரத்தைத் தேடித் திரிந்த விவசாயிக்கும் இதே கணக்குதான். மரத்தை வளைக்க மாட்டார்கள். வளைந்த மரத்தைத் தேடுவார்கள்.

இந்த வட்டாரத்தில் கள்ளர் சமூகத் திருமணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளைதடிகளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததாகத் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். பெண் கொடுக்கிற வீட்டில் ஒடிகிற தடியைக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்!

வளரி வீச ஆள் இல்லை. சிலம்பத்துக்கு இருக்கிறார்கள். புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி என்று மாவட்டம் முழுக்க மாலை நேரத்தில் பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ கம்பு சுற்றும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளும் நிறைய. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பிடித்த பிறகு, பெற்றோர்களின் ஆர்வத்துக்குக் கேட்க வேண்டுமா? ஆனால், பிள்ளைக்கு யூனிஃபார்ம் வாங்குவதில் காட்டும் அக்கறையைக் கம்பு வாங்குவதில் காட்டுகிறவர்கள் குறைவு. ஆன்லைனில் வார்னிஷ் பளபளக்க ஒரு கம்பு வரும். இரண்டாவது வாரம் நுனி பிளக்கும். வேகமாகச் சுற்றும்போது பிளந்த மூங்கில் சிலாம்பு எதிரில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் போகலாம். அதனால்தான் வாத்தியார்கள் புதுப் பையனிடம் பெயர் கேட்கும் முன்பே, "தம்பி, கம்ப இங்க குடு பாப்போம்" என்று கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையில் என்னென்ன நடக்கிறது?

முதலில் உயரம். பிள்ளையை வெறுங்காலில் நிற்க வைத்து, பக்கத்தில் கம்பை நிறுத்துவார்கள். நெற்றி வரை வர வேண்டும். வளரும் பிள்ளை என்பதற்காக நான்கு அங்குலம் சேர்த்து வாங்கும் நம் வழக்கம் சட்டைக்குச் சரி, கம்புக்கு ஆகாது. நீளம் கூடினால் நுனியின் வேகமும் இழுவையும் கூடும், சின்ன மணிக்கட்டு தாங்காது. அடுத்து பருமன். கைமூடிப் பிடித்தால் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் வந்து படிய வேண்டும். படியவில்லை என்றால் கம்பு தடிமன்.

பிறகு கம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பார்கள். கோணல் இருந்தால் தெரிந்துவிடும். லேசான கோணல் பரவாயில்லை, தணலில் வாட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். சூட்டில் மூங்கில் இளகும், பிடித்து வைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். கணுக்களை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கணுவில் வெடிப்பு இருந்தால் அந்தக் கம்பு வேண்டாம். சின்னச் சின்ன ஓட்டையும் அதன் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் உள்ளே அது சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

கடைசியில் தரையில் செங்குத்தாக ஒரு தட்டு. கெட்டியான கம்பு 'டங்' என்று பேசும், கீறல் விழுந்தது 'சொத்' என்று சொல்லும். எழுத்தில் இதைச் சொல்வது கஷ்டம், இரண்டு கம்பை அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. அடிப்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நுனியை ஓர் உதறு உதறுவது. நுனி எவ்வளவு நேரம் ஆடுகிறது, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று கை கவனிக்கும். தொளதொளவென்று மெதுவாக ஆடினால் சுற்றும்போது நுனி பின்தங்கும். ஆடவே ஆடாமல் விறைப்பாக இருந்தால் அடியின் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கு வரும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதே சோதனையைத்தான் ஜப்பானில் கோல்ஃப் மட்டைகளுக்குத் தண்டு செய்கிற கம்பெனிகளும் செய்கின்றன. ஃபுஜிகுரா, மிட்சுபிஷி, நிப்பான் ஷாஃப்ட் என்று உலகம் முழுக்க விற்கும் பெயர்கள். தண்டின் அடிப்பக்கத்தை இடுக்கியில் இறுக்கி, நுனியை இழுத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று கருவி எண்ணும். ஒரு டிரைவர் மட்டை 250-ஐ ஒட்டி ஆடும். எண்ணிக்கை கூடக் கூட விறைப்பு அதிகம். வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பான தண்டு, நிதானமாக வீசுகிறவருக்கு இளக்கமான தண்டு. விறைப்பை ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகளில் குறிக்கிறார்கள், ஆனால் அந்த எழுத்துகளுக்கு உலகப் பொது அளவு கிடையாது. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த எஸ், அமெரிக்க எஸ்ஸை விட இளக்கமாக இருப்பது சகஜம். எழுத்தை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் அங்கேயும் உண்டு.

நம் ஊருக்கு கோல்ஃப் ரொம்பத் தூரம் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-லேயே வந்துவிட்டது. அப்போது மட்டைக்குத் தண்டு ஹிக்கரி என்ற மரம். உருக்குத் தண்டுக்கு பிரிட்டனில் அனுமதி கிடைத்தது 1929-ல்தான், கார்பன் இழை வந்தது 1970-களில். மரத் தண்டு காலத்தில் மட்டை செய்கிறவரும் கம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து இழை ஓடும் திசையைத்தான் பார்த்தார். ஒரு முனை கனம், மறு முனையில் பிடி, சுழற்றி வேகம் ஏற்றுவது என்று பார்த்தால் கோல்ஃப் மட்டைக்கும் வளரிக்கும் சொந்தம் நெருக்கம்தான். வளரியை விட்டுவிட வேண்டும், மட்டையை விடக் கூடாது, அவ்வளவே வித்தியாசம்!

மூங்கிலுக்கு வருவோம். கம்புக்கு நல்லது கல்மூங்கில், உள்ளே ஓட்டை சிறுத்து, கிட்டத்தட்டக் கெட்டியாக இருக்கும். ஒரு வருடக் குருத்தை வெட்டினால் காய்ந்ததும் சுருங்கும், மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும். வெட்டுவதைத் தேய்பிறையில் வைத்துக்கொள்வது பழைய நம்பிக்கை. மழைக்காலம் முடிந்து வறண்ட பருவத்தில் வெட்டுவதற்கு நம்பிக்கை தேவையில்லை, காரணமே இருக்கிறது. அப்போது மூங்கிலில் மாவுச்சத்து குறைவு, வண்டுக்குத் தீனி குறைவு. வெட்டிய மூங்கிலைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போடுவதும் மிச்ச மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். பிறகு நிழலில் காய வைத்து, எண்ணெய் தடவி, பரணில் படுக்கை வசத்தில் போட்டுவிட வேண்டும். வெயிலில் சாய்த்து வைத்தால் போச்சு, வளைந்துவிடும். மூங்கில் பிளந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குப் பிரம்பு இருக்கிறது. அது பிளக்காது, நுனி நார் நாராகப் பிரியும். கண்ணுக்கு ஆபத்து குறைவு. ஆனால் மூங்கிலின் துள்ளல் அதில் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பிரச்னை, நல்ல கம்பை வெட்டக் காடு எங்கே என்பதுதான். நார்த்தாமலை பக்கம் போனால் சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாக நிற்பது தைல மரம். 1974-ல் தொடங்கப்பட்ட வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் தைல மரத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்க்கிறது. கண்மாய்க்கு வரும் தண்ணீர் நின்றுபோனதற்கு இதுதான் காரணம் என்று விவசாயிகள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். காகிதத்துக்கு ஆகும் மரம், கம்புக்கு ஆகாது. பழைய நாட்டு மரங்களைப் பார்க்க வேண்டும் என்றால் கோயில் காடுகளுக்குத்தான் போக வேண்டும். வீரை, காசான், உசில் எல்லாம் அங்கே சாமிக்குப் பயந்து தப்பித்திருக்கின்றன. அங்கே கத்தி வைக்க யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

மிச்சமிருக்கும் வழி வயல் வரப்பு. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-ல் இந்திய வனச் சட்டத்தின் 'மரம்' பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்ட முன்பிருந்த கெடுபிடி இப்போது இல்லை. கிணற்றடியில் ஒரு கல்மூங்கில் புதர் வைத்தால், இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போது வீட்டுக் கம்பிலேயே சிலம்பம் சுற்றலாம்.

போகிறவர்களுக்கு: திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் அருங்காட்சியகம் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் நார்த்தாமலை ஏறலாம், சித்தன்னவாசலும் அதே திசைதான். குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், பாறைச் சூடு மாலை ஐந்து மணி வரை இறங்காது. திரும்பி வரும் வழியில் ஏதாவது ஒரு திடலில் பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நின்று பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கம்பு சுழலும் வட்டத்துக்கு வெளியே நின்றால் போதும்.