கன்சோலா, கம்ப்யூட்டரா, பரணா?

கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்புல காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கும்போது முதல் வருஷப் பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணா, கேம் ஆட பிஎஸ்5 வாங்கலாமா, கேமிங் லேப்டாப் வாங்கலாமா?" நான் திருப்பிக் கேக்குறது: "உங்க வீடு எந்த ஏரியா?"

சிரிக்காதீங்க. எங்க வீடு முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பர்ல அடையாறு ஊருக்குள்ள வந்தப்ப, தரையில இருந்தது எதுவும் மிஞ்சல. பக்கத்து வீட்டு அக்காவோட டெஸ்க்டாப்புல மானிட்டர் மேஜை மேல பத்திரமா இருந்துச்சு, கால்கிட்ட இருந்த சிபியு மட்டும் சேத்துக்குள்ள. எங்க அண்ணனோட லேப்டாப் பொழச்சுக்கிட்டதுக்குக் காரணம், அம்மா அதை ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ரேஷன் கார்டு இருந்த பையோட பரண்ல ஏத்தியது. 2023 மிக்ஜாம் புயலப்பவும் அதே பை, அதே பரண். யூடியூப்ல ரே ட்ரேசிங் பத்தி ஒரு மணி நேரம் பேசுறவங்க, "இதைத் தூக்கிட்டு மாடிக்கு ஓட முடியுமா?"ங்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

அந்த லேப்டாப் கடையில வாங்கினது இல்ல. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசு இலவச மடிக்கணினித் திட்டத்துல, அண்ணன் பன்னிரண்டாவது படிக்கும்போது வந்தது. 2 ஜிபி ரேம். ஜிடிஏ வைஸ் சிட்டி 2002ல வந்த கேம், அதுக்குத் தேவையே 128 எம்பி ரேம்தான். அதனால ஜம்முனு ஓடும். எங்க தெருவுல பாதிப் பேர் கார் ஓட்டக் கத்துக்கிட்டது அதுலதான் (நிஜ ரோட்டுல அப்படி ஓட்டலங்கிறது வேளச்சேரி மக்கள் செஞ்ச புண்ணியம்).

அதுக்கும் முன்னாடி டிவி கேம். 1983ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாமோட காப்பி அதுன்னு எனக்குக் காலேஜ் வந்தப்புறம்தான் தெரியும். மஞ்சள் கேசட்டுல '9999 இன் 1'னு போட்டிருக்கும். எண்ணிப் பாத்தா காண்ட்ரா, மேரியோ, வாத்து சுடுறது, டாங்கி, மீதி எல்லாம் இதே கேம்கள் வேற பேர்ல. வாய்ப்பாடு வராத பசங்களுக்குக்கூட காண்ட்ராவுல 30 லைஃப் வாங்குற 'மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி ஏ' தூக்கத்துல கேட்டாலும் வரும். அதை மாட்டி ஆடினது எந்த டிவியில? 2006ல கொடுக்க ஆரம்பிச்ச இலவச கலர் டிவியில. என்னைக் கேட்டா தமிழ்நாட்டுல கேமிங்கை வளத்ததுல சோனியைவிட ரெண்டு கட்சி ஆட்சிக்கும் பங்கு அதிகம். ரெண்டு கட்சியுமே இதைச் சாதனைப் பட்டியல்ல சேத்துக்கல, அவ்வளவுதான்.

பிஎஸ்5 நல்ல மெஷின், சந்தேகமே இல்ல. 2021 பிப்ரவரியில இங்க வந்தப்ப டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், பெரிய கேம் ஒண்ணு 4,999. அஞ்சு கேம் வாங்கினா மெஷின்ல பாதி விலை போச்சு. வாங்கியே தீருவேன்னா டிஸ்க் மாடலா வாங்குங்க. டிஸ்க்கை நாலு பேர் மாத்திக்கலாம், ஆடி முடிச்சதும் வித்துடலாம். டிஜிட்டல்ல வாங்கினதை நண்பனுக்குக் கைமாத்தாக்கூடத் தர முடியாது.

பப்ஜி பத்தி எல்லாரும் எழுதியாச்சு. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடை வந்தப்ப சேலையூர்ல ரெண்டு பேர், பெருங்களத்தூர்ல ஒருத்தன், நான்னு எங்க ஸ்குவாட் கலைஞ்சுது. அடுத்த வருஷம் பிஜிஎம்ஐ வந்துச்சு, பழைய நாலு பேர் மட்டும் சேரவே இல்ல.

ஆனா எங்க வீட்டுல 'கேம்'ங்கிற வார்த்தையே ஆகாம போனதுக்குக் காரணம் பப்ஜி இல்ல, ரம்மி. மாமா ஒரு ஆப்ல ராத்திரி ராத்திரியா ஆடி, அத்தையோட நகையை அடகு வைக்கிற வரைக்கும் போனாரு. தமிழ்நாடு அரசு 2023ல அதுக்குன்னே சட்டம் கொண்டுவந்துச்சு. பணம் கட்டி ஆடுற சூதாட்டத்துக்கும் மேரியோ ஓட்டுறதுக்கும் ஒரே பேர் வெச்சது யாருன்னு தெரியல, அடி வாங்கினது நாங்க. "மாமா மாதிரி ஆகப் போறியா?"ன்னு அம்மா கேட்டா, எந்த விளக்கமும் எடுபடாது.

அதே அம்மாவை உக்கார வெச்ச கேம் 'வெண்பா'. 2023 ஜூலையில வந்தது. கனடாவுல டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் செஞ்சது, அடுத்த வருஷம் பாஃப்டா விருதும் வாங்கிச்சு. 80கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், அவங்க பையன் கவின். துப்பாக்கி கிடையாது, சமையல்தான் விளையாட்டு. ரிச்சி தெருவுல வாங்கின, கிராபிக்ஸ் கார்டே இல்லாத என்னோட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புலயே ஓடுது.

முதல் அத்தியாயம் இட்லி. அம்மாவோட பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சிருக்கும், தட்டுகளை எப்படி அடுக்கணும்னு நாமதான் கண்டுபிடிக்கணும். நான் முழிச்சிட்டிருந்தேன். பின்னாடி துணி மடிச்சிட்டிருந்த அம்மா, "குழிக்கு நேரா குழி வெச்சா ஆவி எப்படிடா மேல ஏறும்? மாத்தி வை" அப்படின்னாங்க. மாத்தி வெச்சேன், இட்லி வெந்துச்சு. துணியை ஓரமா வெச்சுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. புட்டு வந்தப்ப என் கை மவுஸ்ல இருந்துச்சு, உத்தரவு எல்லாம் அவங்களோடது. கவின் தமிழ்ல பேச மாட்டேன்னு அடம்பிடிக்கிற இடத்துல மட்டும் எதுவும் சொல்லல.

ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. "அவ்வளவுதானா? இதே மாதிரி வேற இருந்தா போடு"ன்னாங்க. அன்னையிலேர்ந்து தேடிட்டிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லது, 4 ஜிபி ரேம்ல ஓடணும்.