குறட்டையையும் சொல்லுங்கள்

குழந்தை குறட்டை விட்டால், "அசந்து தூங்குது" என்று ரசிப்பவர்கள் நாம். மயக்கவியல் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு என்னால் அந்தச் சத்தத்தை ரசிக்க முடிவதில்லை.

டான்சிலும் அடினாய்டும் பெருத்த சில குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும். சில விநாடிகள் மூச்சே நிற்கும். ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும். இரவுதோறும் ஆக்சிஜன் குறைந்து பழகிய உடம்புக்கு, மார்ஃபின் போன்ற வலி மருந்து வழக்கமான அளவிலேயே அதிகமாகிவிடலாம்.

இரவு முழுக்க எடுக்கும் தூக்கப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஐந்தே கேள்விகளை வெளியிட்டார்கள். தூங்கும் நேரத்தில் பாதிக்கு மேல் குறட்டையா? சத்தமாகவா? மூச்சுவிடத் திணறுகிறதா? மூச்சு நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் சோர்வாக எழுகிறதா? மூன்றுக்கு 'ஆம்' என்றால் மயக்கத்தின்போது மூச்சுச் சிக்கல் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. ஐந்துக்கும் என்றால் 10 மடங்கு என்று கண்டார்கள்.

முன்பே தெரிந்தால் டாக்டர் மருந்தளவைக் குறைப்பார், இரவு கண்காணிப்பில் வைப்பார். ஆனால் இந்தப் பதில்கள் எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.