வெக்கை போன கதை

எங்கள் ஆயாவுக்குக் காலரா என்றால்கூட அவ்வளவு பயமில்லை. வெக்கை என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். அவள் வாழ்க்கைப்பட்டு பொத்தேரிக்கு வந்த புதிதில் ஒரு கோடையில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்து தெருவே காலியானதாம். வாயெல்லாம் புண், தாங்காத காய்ச்சல், நாற்றமடிக்கும் கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். ஏர் பூட்ட மாடில்லாமல் அந்த வருஷம் ஏரிக்கீழ் நிலமெல்லாம் கரம்பாகவே கிடந்தது என்பாள்.

அதனால்தான் எண்பதுகளில் ஊசி போட ஜீப் வருகிறது என்று தண்டோரா போட்டதும், எங்கள் மாடுகள்தான் முதலில் ஏரிக்கரைப் புளியமரத்தடிக்குப் போய் நிற்கும். மாட்டு டாக்டர் ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் திறந்து சின்னக் குப்பியை எடுப்பார். உள்ளே தூள் மருந்து. குளிர்ந்த உப்பு நீரில் அதைக் கரைத்துவிட்டால் வெயில் ஏறுமுன் போட்டு முடித்தாக வேண்டும். சூடேறினால் மருந்து வீண். அப்பா மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க, டாக்டர் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியை இறக்குவார். மாடு ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

"ஊசி போட்டா பால் வத்திடும்னு சொல்றாங்களே" என்று தயங்கி நின்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"வத்துன பால் திரும்பச் சுரக்கும்டி. போன மாடு வருமா?" என்றாள் ஆயா. பெரியம்மா மறுபேச்சில்லாமல் போய்த் தன் மாட்டை ஓட்டி வந்தாள்.

ஓர் ஐப்பசி இரவும் மறக்கவில்லை. செவலைப் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. நிற்கவே முடியாத மாட்டை எந்த ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போவது? அப்பா மழையில் சைக்கிளை மிதித்துப் போய் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார். தோள்வரை சோப்பு நுரை பூசிய கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கன்றைத் தடவித் திருப்பினார் அவர். முன்னங்கால்களில் கயிறு மாட்டி, பசு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னார். விடியுமுன் கன்று எழுந்து மடி தேடியது.

பக்கத்திலேயே காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இருக்கிறது. வேலி ஓரம் நின்று கலப்பினப் பசுக்களை வேடிக்கை பார்த்துதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனாலும் படிப்பும் மருந்தும் தொழுவத்துக்கு நடந்து வந்தால்தான் மாட்டுக்கு உதவும் என்பதை எனக்குப் புரியவைத்தவை அந்த ஜீப்பும் அந்த மழை இரவும்தான்.

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தென்பட்டது 1995இல், நம் தமிழ்நாட்டில். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த பெயர் தெரியாத ஆட்களின் உழைப்பு அது.

இன்று பொத்தேரியில் ரயிலடியைச் சுற்றி அடுக்குமாடிகள். அவற்றுக்கு நடுவிலும் மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் மருத்துவ வண்டி வாசலுக்கே வருகிறது. ஆனால் மாடுகளைத் தாக்கும் கோமாரி நோய் இன்னும் ஒழியவில்லை. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட வருகிறார்கள். அன்றைக்கு ஒருநாள் மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடாமல் கட்டி வையுங்கள். வெக்கையை விரட்டியது போலக் கோமாரியையும் நம்மால் விரட்ட முடியும்.