எதிரே வந்து நின்று பேசு

"மில்லில் இருந்தார்." தாத்தாவின் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. தளவானூர்க் குடைவரையைப் பார்க்க வெளியூரிலிருந்து யாராவது வந்தால் கூடவே போவேன். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது, சத்ருமல்லன் என்பது அவன் பட்டப்பெயர், வாசலுக்கு மேலே அந்த மகர தோரணத்தைப் பாருங்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் ஒரு நாளும் அந்த நிதானத்தோடு பேசவில்லை.

மானாவாரி நிலத்து மல்லாட்டையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் அவர் புதுச்சேரிக்குப் போனார். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, எல்லையில் சுங்கச் சோதனையெல்லாம் ஓய்ந்திருந்த நேரம். அங்கே அப்போது மூன்று பெரிய பஞ்சாலைகள். சவானா மில் சுதேசி ஆனது, ரோடியர் மில் ஏ.எஃப்.டி. ஆனது, கெப்ளே மில் பாரதி ஆனது. புதுச்சேரியில் நீலச்சாயம் ஏற்றிய துணி ஒரு காலத்தில் கப்பலேறி செனகல் வரை போய் விற்றிருக்கிறது. மூன்று ஆலைகளும் இன்று ஓடவில்லை. ஏ.எஃப்.டி.யை 2020 ஏப்ரல் 30-உடன் மூடினார்கள். தாத்தா இருந்தது இந்த மூன்றில் ஒன்று. எது என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது என் தவறு, ஆலையின் தவறு அல்ல.

அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலும் முதலில் நேர்மையாக இல்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச்சூடு நடத்தி 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். வ. சுப்பையா முன்நின்ற அந்தப் போராட்டத்தால்தான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தக் கூட்டத்தில் தாத்தாவும் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நண்பர்கள் இரண்டு மூன்று பேரிடம் இருந்தார் என்றே சொல்லியும் விட்டேன். அந்த வருஷம் அவர் ஊரில் மாடு மேய்க்கிற சின்னப் பையன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் உண்மையில் செய்த வேலை எனக்குப் போதவில்லை.

பழைய பி.எஃப். சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அதில் துறை என்று போட்டிருந்த இடத்தில் நெசவு. அதை வைத்துக்கொண்டு முதலியார்பேட்டையில், அதே ஆலையில் தறி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் சொல்லக் கேட்டேன்: ஒரு பெரிய கூடத்தில் வரிசையாக நூற்றுக்கணக்கான தறிகள், நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டுப் பாய்கிறது, நிமிஷத்துக்கு நூற்றைம்பது தடவைக்கு மேல். பாவு நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். "பக்கத்துத் தறிக்காரன் கத்தினாலும் கேக்காது தம்பி. வாயைப் பாத்துதான் பேசிக்குவோம்" என்றார். பிறகு எழுந்துபோய்க் கதவோரம் நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அகலமாக அசைத்தார். "சாப்டியா?" என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "இவருகிட்ட எதுவானாலும் எதிர்ல வந்து நின்னுதான் சொல்லணும், பின்னாலேருந்து பேசினா வேலைக்காவாது" என்றார்.

தாத்தாவும் பேசுகிறவர் வாயையேதான் பார்ப்பார். சின்ன வயதில் அது எனக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவேன். "என்னடா சொன்ன?" என்று திரும்பக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பேன். எத்தனை ஆயிரம் ஒண்ணுமில்ல.

இரைச்சலால் கெடும் காதுக்கு ஒரு தன்மை உண்டு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அதிலும் முதலில் போவது கீச்சுக்குரலைக் கேட்கிற பகுதி, சுமார் 4,000 ஹெர்ட்ஸ் அளவில். கட்டையான ஆண் குரல் ஓரளவுக்குக் கேட்கும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் சரியாகக் கேட்காது, கேட்டாலும் வார்த்தை பிடிபடாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று இங்கே வரம்பு வைத்திருந்தார்கள். நாடாத் தறிகள் ஓடும் கூடம் சாதாரணமாகவே அதைத் தாண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்வழி நோயாகவே இருந்தது. அதாவது தாத்தாவின் காதுக்கு வந்தது மூப்பு அல்ல, அவர் பார்த்த வேலை.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். அப்பா கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பார், அம்மா கூப்பிட்டால் பார்க்க மாட்டார். "வேணுங்கிறப்போ மட்டும் கேக்குது பார்" என்போம். கள்ளச் செவிடு என்றோம். எனக்குப் பெண் பேசப் பெண் வீட்டார் வந்த அன்று, தாத்தா எல்லோர் முன்னாலும் கத்திப் பேசுவாரே என்று, உடம்பு சரியில்லை எனச் சொல்லி அவரைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்தது நான். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதே அவர் காதில் விழுந்ததா என்று யோசிக்கிறேன். மடிப்புக் கலையாத வேட்டி கட்டித் தயாராகத்தான் இருந்தார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஊரில் பத்துப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காதைச் சோதிக்க அவரை ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மாமனார் தன்னை மருமகளாக மதிக்கவில்லை, அதனால்தான் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்று காலமெல்லாம் மனதில் வைத்திருந்தவள். முறத்தில் இருந்த உளுந்தை அப்படியே வைத்துவிட்டு, "அப்ப எங்கொரலு அவருக்குக் கேக்கவே இல்லியா? நாந்தான் தப்பா நெனச்சிட்டனா?" என்று கேட்டாள். நீ மட்டும் இல்லம்மா, எல்லாரும்தான் என்றேன்.

அதுவும் முழு உண்மை இல்லை. அவள் முதலில் அவர் காது மந்தம் என்றுதான் நினைத்தாள். இல்லவே இல்லை, வேண்டுமென்றே செய்கிறார், அப்பா கூப்பிட்டால் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று அவளிடம் போய்ச் சொன்னவன் பன்னிரண்டு வயதில் நான். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது அச்சாகி வந்ததும் பேத்தி படித்துக் காட்டுவாள், அப்போதுதான் அம்மாவுக்குத் தெரியும்.